வணக்கம், நான் இஞ்சினியர் இல்லை

அன்று யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு அண்ணை இருந்தார். சிட்னியில், பென்டில் ஹில்லில், நாங்கள் ஐந்து ஆண்கள் இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அவர்தான். டாக்சி ஓடுபவர். பின் தெரு அன்ரி இருந்தா. முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. சனி, ஞாயிறுகளில் சம்பந்தம் பேசுவா. ஹோம்புஷ் தம்பி இருந்தான். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கம்பியூட்டர் வேலை. லப்ரொப் அவனுடையது. இந்த மூன்று பேரும் கமராவில் விழாத இடமாகப் பார்த்துச் சுவரோடு ஒட்டியிருந்தார்கள்.

கதிரையில் நான் இருந்தேன். வெள்ளைச் சேர்ட், அண்ணையின் கழுத்துப்பட்டி, அதற்கு மேல் வேலைக்குப் போடும் செம்மஞ்சள் வெஸ்ற்.

திரையில், ஒஸ்லோவில், பெண்ணின் அப்பா இருந்தார். பக்கத்தில் பெண்ணின் அம்மா. இரண்டு பேருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பெண் நின்றாள்.

எட்டாவதாக ஒரு கொம்பனி இருந்தது. அது என் முதுகில் இருந்தது.

2012ஆம் ஆண்டு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி. அவர்களுக்குக் காலை எட்டு. எனக்கு வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் நாலு சம்பந்தம் வந்து போயிருந்தது. ஒருவர் படகில் வந்தவன் என்றார். ஒருவர் படிப்பு எட்டாம் வகுப்பு என்றார். மற்ற இரண்டு பேரும் காரணம் சொல்லவில்லை, அது மரியாதை. இது தவறினால் இனிப் பேசப்போவதில்லை என்று அன்ரி சொல்லியிருந்தா. அவ சொன்னால் சொன்னதுதான். எனக்கும் இது நடக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆசை இருந்தது என்று எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெஸ்ற்றின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கொம்பனியின் பெயரை எழுதவில்லை. பனி விழும் பக்கத்துக் கொம்பனி. நோர்வேயில் ஒரு வீட்டில் ரெலிபோன் அடித்தால் அது அவர்களுடைய லைன். ரீவிப் பெட்டி அவர்களுடையது. அதில் ஓடும் செய்தி அவர்களுடையது. காலையில் வாசலில் விழும் பேப்பரும் அவர்களுடையதுதான். பெண்ணின் அப்பா, அவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன், பிறகு ஒரு நாள் சொன்னார்: "காலமை கண் முழிச்சா அவங்கட பேப்பர். படுக்கேக்க அவங்கட ரீவி. நடுவில மனுசியோட சண்டை பிடிக்கிறது மட்டும்தான் சொந்தம்."

இங்கே அவர்களுக்குப் பேப்பரும் இல்லை, ரீவியும் இல்லை. மொபைல் கோபுரம் நடுகிற கொந்தராத்து மட்டும் எடுத்திருந்தார்கள். மெல்பேர்னில், மல்கிரேவ் பக்கம், கண்ணாடிக் கட்டடத்தில் ஒப்பீஸ் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை. அவர்கள் அந்த வேலையை இன்னொரு கொம்பனிக்குக் கொடுத்தார்கள். அது இன்னொன்றுக்குக் கொடுத்தது. அப்படி நாலு கை மாறி ஐந்தாவதாக என் முதலாளியிடம் வந்தது. அவர் லெபனான்காரர். அவரிடம் ஒரு வெட்டும் மெசினும் நாங்கள் ஆறு பேரும் இருந்தோம்.

கோபுரத்துக்குப் போகும் வயருக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். மெசின்தான் வெட்டும். காஸ் குழாயோ தண்ணீர்க் குழாயோ நிலத்தில் கிடக்கும் என்று சந்தேகம் வந்தால் மெசினை நிறுத்திவிட்டு என்னை இறக்குவார்கள். மெசின் விலை கூடினது.

ஒரு நாள் அந்தக் கொம்பனியிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளி எல்லோருக்கும் புது வெஸ்ற் தந்தார். முதுகில் கொம்பனியின் சின்னம், நெஞ்சில் சிறிதாக இன்னொன்று. என்னுடைய மஞ்சள் ஹெல்மெற் வெடித்திருந்ததால் ஒரு வெள்ளை ஹெல்மெற்றையும் தந்தார். வெள்ளை பெரியவர்களுக்கு உரியது என்று எனக்குத் தெரியாது. வந்த பெரிய ஆள் ஒருவர் மூத்திரம் பெய்யப் போகும்போது கையிலிருந்த பிளானைச் சுருட்டி என்னிடம் தந்து பிடிக்கச் சொன்னார். காற்று அடித்தது. நான் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தூரத்தில் அவர் வருகிறாரா என்று பார்த்தேன். அந்த நேரம் கூட வேலை செய்தவன் என் போனில் ஒரு படம் எடுத்தான்.

என் வாழ்க்கையில் நான் நல்லாய் விழுந்த படம் அது ஒன்றுதான்.

அன்ரி சாதகத்தோடு அனுப்பப் படம் கேட்டபோது அதைக் கொடுத்தேன். வேறு இருந்தது விசாவுக்கு எடுத்த படம். அதில் என்னைப் பார்த்தால் எனக்கே விசா கொடுக்க மனம் வராது.

"என்ன வேலை எண்டு எழுத?" என்று அன்ரி கேட்டா.

"ரெலிபோன் வயர் வேலை."

அன்ரி 'தொலைத்தொடர்புத் துறை' என்று எழுதினா. அவ நல்லாய்ப் படித்தவ.

இரண்டு நாளில் பதில் வந்தது. பெண்ணின் அப்பா கண்ணாடியைப் போட்டு நெஞ்சிலிருந்த சின்னத்தைப் பார்த்திருக்கிறார். பெண்ணும் அதே கொம்பனியில்தான் வேலை, ஒஸ்லோவில். லைன் வேலை செய்யாவிட்டால் ஆட்கள் போன் அடித்து ஏசுவார்களே, அந்தப் பேச்சை வாங்கும் பகுதி. "எங்கட கொம்பனி! எங்கட கொம்பனி இஞ்சினியர்!" என்று அங்கிள் அன்ரியிடம் போனில் கத்தினாராம். அன்ரி என்னைக் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது என் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த முறை அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அப்படித்தான் கழுத்துப்பட்டிக்கு மேல் வெஸ்ற் வந்தது. "உந்த வெஸ்ற்றையும் போடும். அந்த மனுசனுக்கு அதுதான் பிடிச்சது," என்றா அன்ரி. சிட்னியில் மாசி மாதம் வெயில் இறங்காது. வியர்வை காதுக்குள் ஓடியது.

"எந்தப் பகுதியில தம்பி வேலை?" என்று அங்கிள் திரையிலிருந்து கேட்டார்.

"கோபுரப் பகுதி, அங்கிள்."

"உமக்குக் கீழ எத்தினை பேர்?"

நான் வாய்க்காலுக்குள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். "ஒருத்தரும் இல்லை அங்கிள்."

"மேல?"

"கன பேர்."

அங்கிள் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியே. என்ன அடக்கம்!"

ஹோம்புஷ் தம்பி சுவரோடு நின்று கையால் ஏதோ பெரிதாகக் காட்டினான். வாயசைத்தான். "ப்ராஜெக்ட்னு சொல்லுங்கண்ணே, ப்ராஜெக்ட்!" நான் சொல்லவில்லை. ஆனால் அங்கிள் "இஞ்சினியர் தம்பி" என்று கூப்பிட்டபோதெல்லாம் "ஓம்" என்றேன். பெண்ணின் அம்மா சாப்பாடு என்ன என்று கேட்டா. "சோறு," என்றேன். பெண் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிய கையை அவிழ்க்காமல் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் அகலமான நெஞ்சைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். கொம்பனிச் சின்னத்தைப் பார்த்திருக்கிறாள்.

வீடியோக் கோல் முடிந்ததும் அன்ரி கேசரி தந்தா. அண்ணை முதுகில் தட்டினார். "இஞ்சினியர், கழுத்துப்பட்டியைக் கழட்டித் தாரும். நாளைக்கு எனக்கு டாக்சி ஒப்பீசில மீற்றிங்."

புதன்கிழமை வேலை முடிந்து ஸ்ரேசனில் நிற்கிறேன். காலிலும் கையிலும் களிமண். போன் அடித்தது. நீளமான இலக்கம்.

"நான்தான். ஒஸ்லோவில இருந்து," என்றாள் பெண். எடுத்தவுடன் விசயத்துக்கு வந்தாள். "எங்கட கொம்பனியில ஒரு லிஸ்ற் இருக்கு. ஆற்ற பேரை அடிச்சாலும் படமும் மேசை இலக்கமும் வரும். எந்த நாட்டில வேலை செய்யிற ஆளெண்டாலும் வரும். உங்கட பேரை மூண்டு விதமா எழுத்துக்கூட்டி அடிச்சுப் பாத்தன்."

"வராது," என்றேன்.

"ஏன்?"

"வெஸ்ற் மட்டும்தான் அவையின்ர."

நான் ஏற வேண்டிய ரயில் வந்தது. நின்றது. போனது.

"அப்ப நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"குழி வெட்டுறன்."

"என்ன குழி?"

"வயர் போற குழி. தொடையளவு ஆழம்."

"வெட்டேக்க பழைய வயர் அறுபட்டா உங்கட நாட்டில ஆருக்கு அடிப்பினம்?"

"தெரியாது."

"இஞ்ச எனக்குத்தான் அடிப்பினம். ஆறு வருசமாப் பேச்சு வாங்கிறன். நீங்கள் எத்தினை தரம் அறுத்தனீங்கள்?"

"ஒருக்கா."

"உண்மையா?"

"ரெண்டு தரம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது தரம் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு பார்மசியும் அரை நாள் போன் இல்லாமல் இருந்தன.

"குழி வெட்டுறது பிரச்சினை இல்லை," என்றாள். "பொய் பிரச்சினை. அப்பாவுக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொன்னா, வேண்டாம் எண்டுறதுக்குச் சாட்டுச் சொல்லுறாள் எண்டுவார். நான் முதலே மூண்டு பேரை வேண்டாம் எண்டனான். நீங்கள் சொல்லி, அவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம். சொல்லாட்டி நாலாவது ஆள் நீங்கள்."

"சரி."

"வேறை ஏதாவது உதவி வேணுமோ?"

என்ன உதவி என்று எனக்கு விளங்கவில்லை. "இல்லை," என்றேன். போன் வைத்தாயிற்று. அது அவளுடைய வேலைப் பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தரம் நோர்வே மொழியில் சொல்வதைத் தமிழிலும் சொல்லிவிட்டாள்.

வீட்டில் சொன்னேன். அன்ரி நெற்றியில் அடித்தா. "உமக்கென்ன விசரே? கலியாணம் முடியட்டும், பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம்."

அண்ணை யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "ஒரு வருசம் கழிச்சு அந்த வேலையை விட்டிட்டன் எண்டு சொல்லு. இல்லாத வேலையை விடுறது எவ்வளவு லேசு!"

ஹோம்புஷ் தம்பி மட்டும், "சொல்லிடுங்கண்ணே. லிஸ்ட்ல இல்லன்னா இல்லதான்," என்றான். கம்பியூட்டர் ஆட்களுக்கு லிஸ்ற் என்றால் வேதம்.

அடுத்த ஞாயிறு அதே கதிரை, அதே ஆட்கள். சாதாரண சேர்ட் போட்டிருந்தேன். திரையில் அங்கிளும் பெண்ணும் மட்டும். பெண்ணின் அம்மாவுக்கு அன்று காலை வேலை என்றார் அங்கிள்.

"யூனிபோம் எங்க தம்பி?"

பாடமாக்கி வைத்திருந்தேன். சொன்னேன். "அங்கிள், நான் இஞ்சினியர் இல்லை. உங்கட கொம்பனியிலும் இல்லை. குழி வெட்டுறன். மன்னிக்கோணும்."

அங்கிள் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

ஹோம்புஷ் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஹேங் ஆயிடுச்சு," என்றான். எழும்பி வந்து லப்ரொப்பில் ஒரு கட்டையைத் தட்டப் போனான்.

"ஹேங்கும் இல்லை ஒண்டும் இல்லை," என்றார் அங்கிள் திரையிலிருந்து. தம்பி பாய்ந்து சுவருக்குப் போனான்.

"தம்பி, நான் வடக்கில, பனிக்குள்ள, இருபது வருசம் மீன் பக்டரியில நிண்டவன். முள்ளு எடுத்த கை இது. குழி வெட்டுறது எனக்கொரு குறையில்லை, விளங்குதே?"

"ஓம் அங்கிள்."

"ஆனா நான் சொல்லிப்போட்டன்."

"ஓம் அங்கிள்."

"என்ன ஓம்? கோயிலில சொல்லிப்போட்டன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டன். பல்லுப் புடுங்கப் போன இடத்தில இருந்த ஆளுக்கும் சொல்லிப்போட்டன். எங்கட கொம்பனி இஞ்சினியர் எண்டு. இனி அதை ஆர் திருப்பி எடுக்கிறது?"

நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

"முதலே சொல்லியிருந்தா நானும் சும்மா இருந்திருப்பன். நீர் வாயை மூடிக்கொண்டிருந்தீர், நான் வாயைத் திறந்தன். இப்ப நீர் வாயைத் திறவும். நான் சொன்ன ஒவ்வொரு ஆளுக்கும் நீரே போன் அடிச்சுச் சொல்லும். கடைசி ஆளுக்கும் சொல்லி முடியட்டும், அதுக்குப் பிறகு நாள் பாக்கிறதைப் பற்றிக் கதைப்பம்."

"எத்தினை பேர் அங்கிள்?"

"கொஞ்சப் பேர்தான்."

பெண் பின்னால் நின்று கூரையைப் பார்த்தாள்.

பட்டியல் வந்தது. பதினொரு பெயர். பரவாயில்லை என்று நினைத்தேன். நான் கணக்கில் எப்போதும் மட்டம்.

கொம்பனியில் வேலை செய்பவர்களுக்குப் போனில் ஏதோ சலுகை இருந்தது. அவளே எனக்கு அடிப்பாள். பிறகு பட்டியலில் உள்ள ஆளுக்கு அடித்து இரண்டு லைனையும் சேர்த்துவிடுவாள். மூன்று பேரும் ஒரு லைனில். சனி, ஞாயிறு எனக்குப் பின்னேரம் ஏழு மணி, அங்கே ஆட்கள் தேத்தண்ணி குடிக்கும் காலை ஒன்பது மணி. வீட்டுக்குள் இருந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பின்வளவில் உடுப்புக் காயும் கம்பிக்குக் கீழே நின்று பேசினேன். அவர்கள் குசினி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

முதல் ஆள் கோயில் தலைவர்.

"வணக்கம். நான் இஞ்சினியர் இல்லை," என்றேன்.

"நல்லது. நானும் இல்லை. ஆர் கதைக்கிறது?"

பெண் இடையில் புகுந்து விளக்கினாள். முதலில் யார் என்று சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் யார் இல்லை என்று சொல்ல வேண்டுமாம். அது அவளுடைய தொழில், அவளுக்குத் தெரியும். இரண்டாவது ஆளுக்கு ஒழுங்காகச் சொன்னேன். மூன்றாவது ஆள் நம்பவில்லை. ஓய்வெடுத்த வாத்தியார். "தம்பி, உம்மைப் பற்றி முதலே கேள்விப்பட்டனான். நல்ல அடக்கமான பிள்ளையெண்டு. இப்பிடி இஞ்சினியரே இல்லை எண்டு சொல்லுற அளவுக்கு அடக்கம் கூடாது," என்றார். அவருக்கு மூன்று தரம் அடிக்க வேண்டி வந்தது. மூன்றாம் தரம் என்னதான் நடந்தது என்று கேட்டார். ஹெல்மெற், பிளான், மூத்திரம் எல்லாம் சொன்னேன். மூத்திரத்தில்தான் நம்பினார்.

ஒரு மனுசி, "நான் படத்தைப் பாத்த உடனேயே நினைச்சனான். இஞ்சினியர் முகம் இல்லை," என்றா. நன்றி சொன்னேன்.

ஒருவர் கோபப்பட்டார். மகனுடைய வேலை விண்ணப்பத்தை என் பெயரைச் சொல்லி அங்கிளிடம் கொடுத்து வைத்திருந்தாராம். "இப்ப அவனுக்கு ஆர் வேலை எடுத்துக் குடுக்கிறது?" என்றார். வாய்க்காலில் ஒரு இடம் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இன்னொருவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும். வயர் வேலையெண்டா உமக்குத் தெரிஞ்சிருக்கும். என்ர வீட்டு இன்ரநெற் ஏன் ஸ்லோ?" என்று கேட்டார். அவள் கால் மணித்தியாலம் அவருக்கு எந்தப் பொத்தானை அமத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். நான் கம்பிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பொறுமையாக ஒரு ஆள் ஒரு ஆளுடன் பேசி நான் கேட்டதில்லை. "வேறை ஏதாவது உதவி வேணுமோ?" என்று முடித்தாள். ஒவ்வொரு கோலையும் அப்படித்தான் முடித்தாள். நான் இஞ்சினியர் இல்லை என்று கேட்டு வாயடைத்து நிற்கும் ஆளிடமும் அதைக் கேட்டாள்.

முதல் கிழமை முடிவில் பதினொரு பேரில் ஒன்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். மிச்சம் பதினாறு பேர்.

ஏனென்றால் ஒவ்வொருவரும் சொன்னார்கள்: "ஐயோ தம்பி, நான் பேர்கனில இருக்கிற என்ர தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டனே." "ரொறொன்ரோவில மச்சானுக்குச் சொன்னனான்." "எங்கட அலுவலகத்துக் குறூப்பில எல்லாருக்கும் சொன்னது." அங்கிளிடம் கேட்டால், "நான் சொன்னதால்தானே அவை சொன்னவை. அவையும் கணக்குத்தான்," என்றார். நோர்வேக் கொம்பனி ஆயிரம் கோபுரம் நட்டாலும் அங்கிளின் வாய்க்கு எட்டும் தூரம் எட்டாது. அதை அவர் முகத்துக்கே பிறகு சொல்லியிருக்கிறேன்.

நான் பேசாத ஆள். வேலையிடத்தில் 'யெஸ்', 'நோ', 'காஸ் பைப்' என்ற மூன்றையும் வைத்தே இரண்டு வருடம் ஓட்டியவன். அந்த மாசியும் பங்குனியும் பேசியதுபோல் பிறகும் பேசியதில்லை. பேசப் பேச வசனம் வழுவழுப்பாகிவிட்டது. "வணக்கம். நீங்கள் கேள்விப்பட்ட அவுஸ்திரேலியா மாப்பிள்ளை நான்தான். நான் இஞ்சினியர் இல்லை. குழி வெட்டுறன். தெரியப்படுத்த அடிச்சனான்." ஒரு நாள் வேலையில் மெசினைத் துடைக்கும்போது அதை முணுமுணுத்திருக்கிறேன். முதலாளி நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அந்தப் பக்கம் போனார்.

கோலுக்கும் கோலுக்கும் இடையில் லைன் கிடைக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் சும்மா நிற்போம். அதில்தான் பேசினோம்.

"இண்டைக்கு எங்க வெட்டினனீங்கள்?"

"பிளக்ரவுண் பக்கம்."

"என்ன மண்?"

"களி."

"அறுத்தனீங்களோ?"

"இல்லை."

"நல்லது. எனக்கு ஒரு கோல் மிச்சம்."

பெரிய காதல் பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் நாலாவது கிழமை பட்டியல் சுருங்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. யாராவது ஒருவர் இன்னும் கொஞ்சப் பேருக்குச் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று யோசித்தேன். இஞ்சினியர் இல்லை என்று சொல்வதற்கு ஆள் தேடிய ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

ஆறாவது கிழமை ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் ஒருவருக்கும் சொல்லி முடித்தோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தான் அந்த ஆள் இல்லை, அவருடைய தம்பி என்றார். தம்பிக்கும் தெரிந்திருந்ததால் அவரையும் சேர்த்துக்கொண்டு, அண்ணனுக்கும் சொன்னோம்.

"முடிஞ்சுது," என்றேன்.

"இன்னும் ஒராள்," என்றாள்.

"ஆர்?"

"அம்மா."

எனக்கு விளங்கவில்லை.

"அப்பா இன்னும் அம்மாவுக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு அம்மா வேலைக்குப் போட்டா. வந்த பிறகு சொல்லுவம் எண்டு இருந்தவராம். பிறகு பயத்தில சொல்லேல்லை. நான் நெடுக அறைக் கதவைச் சாத்திப்போட்டு உங்களோட கதைக்க, அம்மா ஏதோ கலியாணத்துக்குச் சொல்லுறம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா."

"அப்பா சொல்லலாம்தானே?"

"அம்மாவுக்கும் இஞ்சினியர் எண்டு சொன்னது அவர்தானே. அதால அவவையும் லிஸ்ற்றில போடச் சொன்னவர்."

ஊர் முழுக்கச் சொன்ன மனுசன் சொந்த மனைவிக்குச் சொல்ல ஆறு கிழமை ஒளித்துத் திரிந்திருக்கிறார். மற்றவர்கள் வேண்டாம் என்றால் ஒன்றும் இல்லை. இவ வேண்டாம் என்றால் எல்லாம் போனது.

அவள் போனைக் கொண்டுபோய்க் குசினியில் கொடுத்த சத்தம் கேட்டது. சட்டியில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்கோ இஞ்சினியர் தம்பி," என்றா.

எனக்குப் பாடமான வசனம் வரவில்லை. "அன்ரி, நான் இஞ்சினியர் இல்லை," என்றேன். வாய்க்கால், வெஸ்ற், ஹெல்மெற் எல்லாவற்றையும் அவவே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்தா. பொரிந்த சத்தம் நின்றது. அடுப்பை நிற்பாட்டியிருக்கிறா.

"இது இவருக்குத் தெரியுமோ?"

ஒரு மனுசனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

"ஆறு கிழமையாத் தெரியும்," என்றாள் மகள் பக்கத்திலிருந்து.

போன் எங்கேயோ வைக்கப்பட்டது. தூரத்தில் அவவின் குரல் கேட்டது. "இஞ்ச வாங்கோ! ஓடாதேங்கோ, சப்பாத்துப் போடாதேங்கோ, இஞ்ச வாங்கோ! தபால்காரனுக்குச் சொல்லேலும், எனக்குச் சொல்லேலாதோ?" அங்கிள் ஏதோ சொன்னார். "அடக்கமோ? ஆருக்கு அடக்கம்?" பிறகு எனக்கு விளங்காத நோர்வே மொழியில் கொஞ்சம் போனது. சண்டை உச்சத்துக்குப் போகும்போது அவர்கள் மொழி மாறுவார்கள் என்று அன்று தெரிந்தது.

உடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குசினி ஜன்னலில் அண்ணையும் அன்ரியும் ஹோம்புஷ் தம்பியும் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

போன் திரும்ப எடுக்கப்பட்டது.

"தம்பி, சமைப்பீரோ?"

"ஓம் அன்ரி."

"என்ன சமைப்பீர்?"

"பருப்பு. மீன்."

"குடிக்கிறனீரோ?"

"கிறிஸ்மசுக்கு முதலாளி தந்தா ஒண்டு."

"பொய் சொல்லுவீரோ?"

"இனி ஏலாது அன்ரி. சொல்ல ஆள் மிச்சமில்லை."

அவ சிரிக்கவில்லை. ஆனால் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "இவளைக் கேட்டன். ஓம் எண்டுறாள். முதல் தரமா ஒராளுக்கு ஓம் எண்டுறாள். ஐயரிட்டைக் கேட்டு நாள் பாக்கிறன். இந்த மனுசனை நம்பாதையும், நான் பாக்கிறன். போனை இவரிட்டைக் குடுக்கிறன்."

அங்கிள் வந்தார். குரல் நல்லாய் இறங்கியிருந்தது.

"எல்லாருக்கும் சொல்லியாச்சோ தம்பி?"

"ஓம் அங்கிள்."

"மொத்தம் எத்தினை பேர்?"

எனக்குத் தெரியாது. நான் பேசினேனே தவிர எண்ணவில்லை. அவள்தான் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு வந்தவள். கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"ஐம்பத்தெட்டு," என்றாள்.